மணிவிழா நினைவாக

உக்காரு தாயி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. மிஷினை அமத்திட்டேன், இனி நீ பேசுறது காதுல விழும். மத்தியானம் கடைக்கு ஆளு வராது. கடைக்கார அண்ணாச்சியும் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்காக, வர நாழியாகும்.

நீ யாருன்னு நீ வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு. அந்தப் பையே சொல்லிருச்சே. ஆஸ்பத்திரிக் காகிதம் மடங்கக் கூடாதுன்னு உள்ள அட்டை வச்ச பையி. நானும் அப்படி ஒண்ணைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு அலைஞ்சவதான். உன் வீட்டுக்காரருக்கு ரத்தப் புத்துநோயி. மஜ்ஜை மாத்தணும்னு மதுரையில சொல்லிட்டாக. பருப்பு மில்லு மகுடபதி செலவு பூராம் தாறேன்னு மேடையில சொல்லிட்டான். ஆனா பாத்திரக்கடையில பேர் வெட்டுற சீனியம்மா வந்து விளக்கேத்துனாத்தான் செக்குல கையெழுத்துப் போடுவேங்கான். அதான?

வரமாட்டேன் தாயி. போயி அப்படியே சொல்லு.

என்ன, அவன் அனுப்பலையா? நீயாத்தான் வந்தியா? சரி, நம்புறேன். உன் மூஞ்சியைப் பாத்தா நம்பத்தான் தோணுது. ஆனா வரமாட்டேன். ஏன்னு கேக்காமப் போனா என்னையக் கல்லு மனசுக்காரின்னு நினைப்ப. கேட்டுட்டுப் போ.

எங்க வீட்டுக்காரரு எத்திராசு இந்தச் சாக்கு மேலதான் உக்காந்திருப்பாரு. சாத்தூரு சுத்துவட்டாரத்துல எந்தக் கல்யாணச் சீரா இருந்தாலும் குடத்துல, அண்டாவுல, தாம்பாளத்துல அவரு கையெழுத்துதான் இருக்கும். அந்த ழகரத்துக்குச் சுழி போடுறதைப் பாக்கணுமே! அப்படிப்பட்ட மனுசனுக்குக் காய்ச்சல் வந்துச்சு, விடவே மாட்டேன்னுச்சு. ஈறுல ரத்தம் கசிஞ்சுச்சு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். இதே நோயோட பேரைச் சொன்னாக. மருந்து ஏத்துனாக, முடி கொட்டுச்சு, வாயெல்லாம் புண்ணு. ஆனா நோயி அடங்குச்சு தாயி. அடங்குச்சு! டாக்டரம்மா என் கையைப் புடிச்சுச் சொன்னாக: "இப்ப அடங்கியிருக்கு. மறுபடி தலை தூக்குறதுக்குள்ள மஜ்ஜையை மாத்திப்புடணும். இவரு தம்பியோடது பொருந்துது. இதை விட்டா நேரம் கிடைக்காது." அந்தம்மா சொன்னது இன்னும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

காப்பீட்டுக் கார்டு போக மிச்சம் வேணும். ஊரு குடுத்துச்சு. குடுக்கலைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஆட்டோ ஸ்டாண்டுப் பையக உண்டியல் வச்சாக. சேவுக்கடைக்காரரு ஒரு ஞாயித்துக்கிழமை யாவாரத்தை அப்படியே கொண்டாந்து குடுத்தாரு. பாத்திரக்கடை பஜாருல கடைக்குக் கடை துண்டு விரிச்சு அண்ணாச்சியே வசூல் பண்ணாக. சேந்துக்கிட்டே வந்துச்சு. இன்னும் கொஞ்ச நாளு அப்படியே விட்டிருந்தா சேந்திருக்கும். சத்தியமாச் சேந்திருக்கும்.

அந்த நேரத்துலதான் மகுடபதி வந்தான். வந்தாருன்னு சொல்லணுமோ? உனக்கு அவரு முதலாளி. எனக்கு வந்தான்தான்.

பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா. அவன்தான் தலைமை. எங்க வீட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டு, மொட்டைத் தலையோட நிக்க வச்சு, சால்வையைப் போத்தி, ஒரு அட்டை செக்கைக் குடுத்தான். கதவு உசரத்துக்கு இருக்கும். "மிச்சம் பூராம் நான் பாத்துக்கிறேன், இனி எத்திராசு யாருகிட்டயும் கையேந்த வேண்டாம்"னு மைக்குல சொன்னான். படம் புடிச்சாக. ஊரே கைதட்டுச்சு. நானும் தட்டுனேன். உள்ளங்கை செவக்கத் தட்டுனேன் தாயி.

அந்த அட்டையை பஸ்ஸுல ஏத்துறதுக்குள்ள பெரும்பாடு. கண்டக்டரு, "அக்கா, இவருக்கும் ஒரு டிக்கெட் போடணுமே"ன்னாரு. பஸ்ஸே சிரிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரும் வாய்ப்புண்ணோட சிரிச்சாரு. மறுநாளு பேப்பருல படம் வந்துச்சு. அன்னைக்கே ஆட்டோ ஸ்டாண்டுல உண்டியலை எடுத்துட்டாக. பஜாருல துண்டை மடிச்சிட்டாக. "அதான் முதலாளியே குடுத்துட்டாருல்ல"ன்னாக. அவுகளைக் குத்தம் சொல்ல முடியுமா? கஷ்டப்பட்ட வேற ஒரு வீட்டுக்குப் போயிருச்சு அந்தக் காசு. அதுவும் நல்லதுக்குத்தான்.

பேங்குல மாறுற செக்கு கேட்டு மில்லுக்குப் போனேன். மானேஜரு சொன்னாரு, ஆடிட்டரு வரட்டும்னு. ஆடிட்டரு வந்தாரு, போனாரு. அப்புறம் ஆடி பிறந்துருச்சு, ஆடியில முதலாளி காசை வெளிய எடுக்க மாட்டாரு, ஆடி முடியட்டும்னாரு. ஆடி முடிஞ்சுச்சு. முதலாளி காசிக்குப் போயிருக்காரு, வரட்டும்னாரு. நோய்க்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா? தலை தூக்கிருச்சு. டாக்டரம்மா என்னைய ஏசலை. ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இனி மாத்துறதுல பிரயோசனம் இல்லைம்மா"ன்னாக.

அவரு போயிட்டாரு. எடுத்துட்டுப் போனோம். அன்னைக்கு ரோசாப்பூ மாலையோட வந்தான் தாயி, என் வாசலுக்கு. மாலையைப் போட்டுட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "நம்மளால முடிஞ்சதைச் செஞ்சோம், ஆண்டவன் விடலை"ன்னான். கூடியிருந்த சனம் தலையை ஆட்டுது! "பாவம் முதலாளி, எம்புட்டுச் செலவழிச்சாரு"ங்குது!

அதோட விட்டுச்சா? கொஞ்ச நாள் கழிச்சு குழாயடியில ஒருத்தி கேக்கா: "அம்புட்டுப் பணமும் என்ன ஆச்சு சீனியம்மா? ஆஸ்பத்திரிக்கா கட்டுன?" அட்டை செக்கைப் பாத்தவளுக்கு உள்ள காசு இல்லைன்னு எப்படித் தெரியும்? நான் புருசனைச் சாக விட்டுட்டுக் காசைப் பதுக்குனவளாம். என் மேல அப்படி ஒரு பேரை வெட்டிட்டாக. அது எந்தக் கல்லுல தேச்சாலும் போகாது.

அன்னைக்கு முடிவு பண்ணேன். அவனை விடக் கூடாதுன்னு. எப்படின்னு தெரியலை. விடக் கூடாது, அம்புட்டுத்தான்.

அண்ணாச்சி என்னைய இந்த எடத்துல உக்கார வச்சாக. எனக்கு வேலை தெரியும், அவரு கூடவே இருந்து பழகுனதுதான். ஒருநாளு மில்லு மானேஜரு வந்து பெரிய ஆர்டரு குடுத்தாரு. முதலாளிக்கு அறுபது முடியுது, மணிவிழா. வர்ற எல்லாருக்கும் எவர்சில்வர் சம்படம். நல்ல கனமான சம்படம், மூடியில பேர் வெட்டணும். துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு: "செ. மகுடபதி மணிவிழா நினைவாக."

முதல் மூடியில அப்படியேதான் வெட்டுனேன். வெட்டிட்டுத் தூக்கி வெளிச்சத்துல பாத்தேன். செ. மகுடபதி. மணிவிழா. நினைவாக. பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் தாயி, எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவரு போனதுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் முதல் தடவையாச் சிரிச்சேன்.

அடுத்த மூடியில நடுவுல இருக்குற வார்த்தையை விட்டுட்டேன்.

நான் சொந்தமா ஒரு எழுத்துக்கூடச் சேக்கலை, அதைக் கவனிச்சுக்கோ. ஒரு புள்ளி சேக்கலை. அவன் எனக்கு வார்த்தையைக் குடுத்துட்டுக் காசை விட்டான். நான் அவனுக்கு ஒரே ஒரு வார்த்தையை விட்டேன். செ. மகுடபதி நினைவாக. மூடிக்கு மூடி, செ. மகுடபதி நினைவாக. வெட்ட வெட்ட ருசியா இருந்துச்சு. ஒவ்வொரு தடவை 'நி'க்குக் கொக்கி போடும்போதும் அவன் நெஞ்சுல போடுற மாதிரி இருந்துச்சு. கை தன்னால ஓடுச்சு, சீட்டைப் பாக்க வேண்டிய வேலையே இல்லை. பொய் சொல்ல மாட்டேன், அம்புட்டுச் சந்தோசம்.

சரியா வெட்டுனதை மட்டும் மேல வச்சேன். அண்ணாச்சி அதைத்தான் பாத்தாக. சம்படம் எல்லாம் பாலித்தீன் கவருக்குள்ள போயிருச்சு, வெத்தலை பாக்கு தேங்காயோட பையிக்குள்ள போயிருச்சு. பாத்திரத்துல இருக்குற பேரை யாரு வாசிப்பா? பாத்திரம் காணாமப் போனாத்தான் வாசிப்பாக.

வீட்டுக்குப் போயிச் சீனியைக் கொட்டி வைக்கப் போனவளுகதான் வாசிச்சிருக்காளுக. ஒருத்தி இன்னொருத்திக்குப் போன் போட, அவ இன்னொருத்திக்குப் போட, மறுநாளு காலையில சிவகாசியில இருந்து அவன் சித்தி ஒப்பாரி வச்சுக்கிட்டே கார்ல வந்து எறங்கியிருக்கு. பின்னாடியே ரெண்டு மூணு பேரு மாலையும் கையுமா. யாருடா அழுகுறதுன்னு இவன் காப்பி டம்ளரோட வாசலுக்கு வந்திருக்கான். சித்தி இவனைப் பாத்ததும் மயங்கி விழுந்திருச்சாம். தண்ணி தெளிச்சு எழுப்புனா, கண்ணைத் தொறந்து, "ஐயோ, இன்னும் நிக்கானே"ன்னு மறுபடி விழுந்திருச்சாம்!

சிரி தாயி. சிரிக்கலாம், தப்பில்ல.

சம்படத்தை எல்லாம் திருப்பிக் குடுங்கன்னு ஆளு அனுப்பிச்சான். கனமான எவர்சில்வரு, யாரு குடுப்பா? ஒருத்தரும் குடுக்கலை. இன்னைக்கும் இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தனையோ அடுப்பங்கரையில அவன் நினைவாகத்தான் சீனி இருக்கு, பருப்பு இருக்கு. அண்ணாச்சி என்னைய நிக்க வச்சுக் கேட்டாக. "மூடி சின்னது அண்ணாச்சி, எடம் பத்தலை"ன்னேன். நல்லா ஏசுனாக. வேலையை விட்டு நிப்பாட்டலை. பஜாருல துண்டு விரிச்சது அவுகதான, அவுகளுக்குத் தெரியும்.

அப்புறம் புடிச்சுச்சு அவனுக்குப் பயம். நெஞ்சு படபடங்குதாம், தூக்கம் வரலையாம். எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்தான். ஒரு நோயும் இல்லை. ஜோசியருகிட்டப் போனான். அந்தாளு சொல்லியிருக்காரு: "ஒரு பொம்பளை வயித்தெரிச்சலு உம்ம பேருல எறங்கியிருக்கு. அவ புருசன் எந்த நோயில போனானோ அந்த நோய்க்கே தர்மம் பண்ணும். அவ கையால விளக்கேத்தித் தொடங்கும். அவ ஏத்தாமப் பண்ணுற தர்மம் கணக்குல சேராது."

அதான் இந்த அறக்கட்டளை. எங்க வீட்டுக்காரரு பேருலயே ஆரம்பிக்கானாம். உசுரோட இருக்கயில குடுக்காதவன், ரத்தப் புத்துநோய்க்காரவுகளுக்கெல்லாம் இப்ப அள்ளிக் குடுக்கப் போறானாம். மானேஜரு வந்தாரு. அப்புறம் அவன் பொண்டாட்டி ராஜாமணி பட்டுச்சேலை, பூ எல்லாம் எடுத்துக்கிட்டு வந்துச்சு. நல்ல பொம்பளை, அது என்ன செய்யும்? இருந்தாலும் திருப்பி அனுப்பிட்டேன். கடைசியில அவனே வந்து நின்னான், அந்தா, நீ செருப்பைக் கழட்டிப் போட்டிருக்க பாரு, அங்கதான், வெயில்ல. "எப்பம்மா வருவ?"ன்னு கேட்டான். நான் மிஷினைப் போட்டுக்கிட்டேன். அவன் கத்திக் கேட்டான். "ஆடிட்டரைக் கேக்கணும்"னேன். பேர் வெட்டுறவளுக்கு ஆடிட்டரு! அடுத்த தடவை வந்தப்ப, "ஆடி முடியட்டும்"னேன். அப்ப தை மாசம் தாயி. "தையில என்னம்மா ஆடி?"ங்கான். "வரட்டும், வந்து முடியட்டும்"னேன். அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! என் வீட்டுக்காரரு மாலையும் கழுத்துமா படத்துக்குள்ள இருந்து பாத்திருப்பாரு.

நான் சாகுற வரைக்கும் அவனை இப்படியே அலைய வைப்பேன். அவன் தூங்கக் கூடாது. படுத்தா மூடியும் எழுத்தும்தான் கண்ணுல தெரியணும்.

என்னது? உங்க ஊர்லயா? யாரு எடுத்தது உண்டியலை?

ம்.

மேடையில அவன் சொன்ன மறுநாளேயா? லோடு வேன் டிரைவருக எல்லாரும் சேந்து வசூல் பண்ணிக்கிட்டிருந்தாகளா? நிப்பாட்டிட்டாகளா?

அது அவன் புத்தி தாயி. குடுக்குறதுக்கு முன்னாடி படம் புடிச்சுக்கிடுவான். அதுக்கு நான் என்ன செய்ய? நோயி இப்ப அடங்கித்தான் இருக்குங்குற. அடங்கி இருக்கும்போதே மாத்தணும்னு சொன்னாக, ஆமா, அப்படித்தான் சொல்லுவாக. எனக்குத் தெரியாதா? நீ அவன்கிட்டப் போயிக் கேளு. அவன் பேங்குல பணம் இருக்கு, அவன் கையி, அவன் பேனா. நான் யாரையாவது மறிச்சு நிக்கேனா? நான் பாட்டுக்கு இந்தச் சாக்குல உக்காந்து பேர் வெட்டிக்கிட்டிருக்கேன்.

என்ன சொன்ன?

அவரும் அவரு பாட்டுக்குத்தான் மில்லுல உக்காந்திருந்தாரான்னு கேக்கியா? ஏ, வாயை அளந்து பேசு. யாரை யாரோட சேக்க? புருசனைப் பறிகுடுத்தவ நானு. மாலை போட்டவன் அவன். சின்னப் பிள்ளைன்னு பாக்கேன், இல்லைன்னா…

சரி, அழாத. கடையில உக்காந்து அழாத தாயி. இன்னொரு பையில இருந்து என்ன விழுந்துச்சு, தூக்குவாளியா? வார்டுல அவருக்குக் கஞ்சி கொண்டு போறதா? இதுல பேரே இல்லையே. வார்டுல பேர் இல்லாத பாத்திரம் தங்காது, இன்னைக்கு வச்சா நாளைக்கு இருக்காது. குடு இங்க. காசெல்லாம் வேண்டாம். என்னால உனக்கு இதுதான் முடியும். விளக்கெல்லாம் ஏத்த முடியாது, இது முடியும். பேரைச் சொல்லு. காளிராஜா? முன்னெழுத்து? மு. சரி.

பேசாம இரு, கை அசங்கும். மிஷினைப் போடுறேன்.

மு… கா… ளி… நல்ல பேரு, வெட்டுறதுக்கு லேசான பேரு. ரா… ஜா…

இரு.

இரு தாயி, எட்டிப் பாக்காத. ஒண்ணுமில்ல. வாசிக்காதங்கேன்ல! கையை எடு. எடு கையை.

ஒரு எழுத்துதான். ஒரே ஒரு 'நி'. மேக்கொண்டு வெட்டலை, நிப்பாட்டிட்டேன். நான் நினைச்சு வெட்டலை தாயி, என் புருசன் மேல ஆணையாச் சொல்லுறேன். பேரு முடிஞ்சதும் கை தன்னால போயிருச்சு. உன் புருசன் என்னைய என்ன செஞ்சாரு? அங்க கட்டில்ல கிடக்குற மனுசனைப் போயி நான்… சீ. என்ன கையி இது.

இதை நீ கொண்டு போகக் கூடாது. அழிக்க முடியாது, எவர்சில்வருல வெட்டுனது வெட்டுனதுதான். என் சாக்குக்கு அடியில கிடக்கட்டும். அந்த அலமாரியில ரெண்டாவது தட்டுல தூக்கு இருக்கு பாரு, புதுசு, ஒண்ணு எடு. அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன். இந்த மூஞ்சியோட என்னையப் பாக்காத. எடு.

விளக்கை எங்க வச்சிருக்கான், மில்லுலயா? அண்ணாச்சி வரட்டும், கடையை ஒப்படைச்சிட்டு வாறேன். இன்னைக்கேதான். ஆனா முதல்ல செக்கு உன் கையில வரணும். அட்டை இல்லை, பேங்குல மாறுற செக்கு. அதை நான் என் கண்ணால பாத்த பிறகுதான் தீக்குச்சியை உரசுவேன். இன்னொண்ணையும் இப்பவே சொல்லிருறேன், பிறகு அங்க வந்து என்னையக் கெஞ்சக் கூடாது. அவன் நல்லாருக்கணும்னு என் வாயில ஒரு வார்த்தை வராது. என் வயிறு எரிஞ்சது எரிஞ்சபடிதான் இருக்கு, ஒரு திரியில அது குளுராது. அவனை நான் மன்னிக்கலை. மன்னிக்கவும் மாட்டேன். உன் வீட்டுக்காரரு எந்திரிச்சு வரட்டும், அதுக்கு மட்டும்தான் வாறேன்.

கண்ணைத் தொடைச்சுக்கோ. தூக்கை நீயே அழுத்திப் புடி. பேரை இன்னொருக்காச் சொல்லு, மெதுவா. சுவிட்சு உன் பக்கம்தான் இருக்கு. என் கையையே பாத்துக்கிட்டு இரு தாயி. பேரு முடிஞ்சதும் நீயே அமத்திரு.